அரைப் பேர்

மலைநாட்டு வைத்தியசாலையொன்றின் மனநலப் பிரிவில், வெளிநோயாளரைப் பார்ப்பதற்கென ஒதுக்கப்பட்ட ஒடுங்கிய அறையில், அந்த மாணவி முதன்முறையாகத் தனியே ஒரு நோயாளியின் முன் அமர்ந்தாள். பல்கலைக்கழகத்தில் உளவியலைச் சிறப்புப் பாடமாகப் பயில்பவள் அவள். மருத்துவ உளவியலில் மேற்படிப்பை மேற்கொள்ளும் எண்ணமுடையவள். பிறந்து வளர்ந்தது வடமராட்சியில். மேற்பார்வை செய்யும் வைத்தியர் அடுத்த அறையில் இருந்தார். நோயாளியின் வரலாற்றைக் கேட்டுக் குறித்துவைப்பது மட்டுமே அவளுக்கு இடப்பட்ட பணி. சிங்கள நோயாளர் வருமிடத்து மொழி தடையாகும் என்ற கவலை அவளுக்கு இருந்தது. அன்று முதலில் வந்தவர் தமிழ்ப் பெண் என்று கண்டதும் அக்கவலை நீங்கிற்று.

வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். தேயிலைத் தோட்டமொன்றிற் கொழுந்து பறிப்பவர். கதிரையின் விளிம்பில் அமர்ந்து, கைகள் இரண்டையும் சீலைத் தலைப்பினுள் மறைத்துக்கொண்டார்.

“நெஞ்சு படபடங்குது மிஸ். ராத்திரியில தூக்கமே இல்ல. மூணு மாசமா அரைப் பேருதான் விழுகுது. இப்பிடியே போனா பேரே இல்லாமப் போயிரும்.”

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிற் ‘பேர்’ என்பது மானத்தோடு ஒட்டிய சொல். பேர் கெட்டது என்றாற் குடும்பம் தலைகுனிந்தது என்பது பொருள். பாதிப் பேர் போயிற்று, மீதியும் போய்விடும் என்று அஞ்சுகிறாள் இப்பெண் என மாணவி விளங்கிக்கொண்டாள். விரிவுரையிற் கேட்ட ‘மானக்கேடு’ என்னும் எண்ணக்கரு அவள் நினைவுக்கு வந்தது. ஆசிய சமூகங்களில் உளத்துயர் குடும்ப மானத்தோடு பின்னிப்பிணைந்தது எனப் பாடநூலும் கூறியிருந்தது. ஆகவே மிகுந்த பரிவோடு கேட்டாள்:

“ஆர் அம்மா உங்கட பேர் கெடுற மாதிரிக் கதைக்கினம்? வீட்டுக்காரருக்கு ஏதும் சந்தேகமோ?”

அப்பெண்ணின் முகம் இறுகிற்று. “அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்ல மிஸ்” என்று சொல்லிவிட்டு வாயிற்புறம் நோக்கினார். அதன்பின் கேட்ட கேள்வி ஒவ்வொன்றுக்கும் ‘ஆமா’, ‘இல்ல’ என்பதற்கு மேல் விடை வரவில்லை. மாணவியின் குறிப்புப் புத்தகத்தில், ஆங்கிலத்தில், ஒழுங்கான கையெழுத்தில், மூன்று வரிகள் எழுதப்பட்டன: மானக்கேடு பற்றிய அச்சம்; கணவனின் சந்தேகம் இருக்கலாம், மறைக்கிறார்; உடற்குறிகளாக வெளிப்படும் பதகளிப்பு.

அப்பிரிவிற் பணிபுரிந்த சிங்களத் தாதியொருவர் தோட்டங்கள் சூழ்ந்த சிறுபட்டினமொன்றில் வளர்ந்தவர். மதிய உணவுவேளையில் மாணவி இச்சம்பவத்தைச் சொல்லக்கேட்ட அவர் சிரிக்கவில்லை. “அது அந்தப் பேர் இல்ல தங்கச்சி. செக்ரோல் பேர்” என்றார். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாட் சம்பளம். தோட்டத்துக்குத் தோட்டம் மாறுபடும் அந்நிறை பல இடங்களில் 18 கிலோ அளவினதாகும். மூன்று மாதம் அரைப் பேர் விழுந்த ஒரு வீட்டில் என்ன சமைத்திருப்பார்கள் என்பதற்கு உளவியல் தேவையில்லை. தாதி மேலுமொன்று கேட்டார்: “கையைப் பாத்தீங்களா? மணிக்கட்டு வீங்கியில்ல இருந்திச்சு.”

மாணவி பார்த்திருக்கவில்லை. அடுத்த சந்திப்புக்கெனக் குறிக்கப்பட்ட நாளில் அப்பெண் வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை.

முதற் சந்திப்போடு நின்றுவிடும் நோயாளியே, பன்மைப் பண்பாட்டுப் பயிற்சி என இன்று அழைக்கப்படும் துறையைத் தோற்றுவித்தவர் எனலாம். 1977ஆம் ஆண்டு ஸ்ரான்லி சூ என்னும் சீன அமெரிக்க உளவியலாளர் ஆய்வொன்றை வெளியிட்டார். சியாற்றில் நகரையும் அதன் அயலையும் சேர்ந்த 17 சமூக மனநல நிலையங்களில் ஏறத்தாழ 14,000 பேரின் பதிவேடுகள் ஆராயப்பட்டன. சிறுபான்மையினங்களைச் சேர்ந்தோருள் அரைவாசியளவினர் முதற் சந்திப்பின் பின் திரும்பி வரவில்லை. வெள்ளையருள் அவ்வாறு வராதோர் நூற்றுக்கு 30 அளவினரே. நிலையங்களின் கதவு எல்லார்க்கும் திறந்தே இருந்தது. சட்டத்தால் எவரும் விலக்கப்படவில்லை. உள்ளே ஒரு மணிநேரம் அமர்ந்திருந்து எழுந்து சென்றவர் மீண்டும் அவ்வாயிலை மிதிக்க விரும்பவில்லை என்பதே பதிவேடு காட்டிய செய்தி. அந்த ஒரு மணிநேரத்தில் என்ன நிகழ்ந்தது என்பதை எந்தப் பதிவேடும் காட்டாது. மேலே கூறிய ஒடுங்கிய அறையில் நிகழ்ந்தது போன்ற ஒன்று பல அறைகளில் நிகழ்ந்திருக்கும் என்று ஊகிப்பதில் தவறில்லை.

அமெரிக்காவில் மருத்துவ உளவியற் பயிற்சி ஓர் ஒழுங்கான வடிவம் பெற்றது இரண்டாம் உலகப் போரின் பின்னராகும். போரிலிருந்து மனம் குலைந்து மீண்ட படைவீரர்க்குச் சிகிச்சையளிக்க ஆள் வேண்டியிருந்தது. அரசு பணம் தந்தது. 1949ஆம் ஆண்டு கொலறாடோ மாநிலத்துப் போல்டர் நகரிற் கூடிய மாநாடு, மருத்துவ உளவியலாளர் விஞ்ஞானியாகவும் சிகிச்சையாளராகவும் ஒருங்கே பயிற்றப்படல் வேண்டும் என வகுத்தது. அந்த விஞ்ஞானம் எவரை ஆராய்ந்து பெறப்பட்டது என்ற கேள்வி அன்று பெரிதாக எழவில்லை. அதனை எழுப்பியோர் கறுப்பின உளவியலாளர். 1968இல் அவர்கள் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்தனர். 1976இல் றொபேட் கத்ரி உளவியலின் வரலாற்றைக் கறுப்பர் நோக்கில் எழுதியபோது தமது நூலுக்கு இட்ட தலைப்பின் பொருள், ‘எலி கூட வெள்ளையாகவே இருந்தது’ என்பதாகும். ஆய்வுகூடத்து எலியைக் குறித்த நகைச்சுவையாக அது தோன்றினும், அந்நகைச்சுவையின் கீழே கசப்பு உண்டு. கறுப்பின அமெரிக்கர் ஒருவர் உளவியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றது 1920இலேயே நிகழ்ந்துவிட்டது. பிரான்சிஸ் சம்னர் என்னும் அவருடைய பெயரை உளவியல் மாணவர் எத்தனை பேர் அறிவர்?

அதே கொலறாடோவில், வெய்ல் என்னும் மலைநகரில் 1973இற் கூடிய மாநாடு இன்னொரு படி சென்றது. ஒரு மக்கட் கூட்டத்தின் பண்பாட்டை அறியாதவர் அம்மக்களுக்கு உளவியற் சேவை வழங்குவது ஒழுக்கநெறிக்கு மாறானது என அது கூறிற்று. அறியாமை இங்கே குறைபாடு என்ற நிலையிலிருந்து குற்றம் என்ற நிலைக்கு மாற்றப்பட்டது. இதனைத் தொடர்ந்து 1982இல் ஸ்ரான்லி சூவின் சகோதரரான டெறால்ட் விங் சூவும் பிறரும், சிகிச்சையாளர்க்கு வேண்டிய தகைமைகளை மனப்பான்மை, அறிவு, திறன் என வகுத்தனர். 1992இல் அத்தகைமைகள் 31 ஆக விரிந்தன. அமெரிக்க உளவியற் சங்கம் 2002இல் வழிகாட்டு நெறிகளை ஏற்று, 2017இல் அவற்றைத் திருத்திப் புதுக்கிற்று.

முப்பத்தொன்று என்னும் எண்ணைக் காணும்போதே ஓர் ஐயம் எழுகிறது. பரீட்சைக்கு ஏற்றதாக ஒரு விடயம் வகுக்கப்பட்டதும் அது பரீட்சைக்காகவே படிக்கப்படுகிறது. அமெரிக்கப் பயிற்சியிற் பெருமளவு இவ்வாறாயிற்று. ஆசியர் இத்தகையோர், கறுப்பர் இத்தகையோர், இலத்தீன் அமெரிக்கர் இத்தகையோர் என அதிகாரம் அதிகாரமாக எழுதப்பட்ட பாடநூல்கள் வந்தன. மனப்பான்மை, அறிவு, திறன் என்ற மூன்றனுள் அறிவே கற்பிக்க எளிதானது. எனவே அதுவே கற்பிக்கப்பட்டது. வடமராட்சி மாணவியின் தலையில் ‘ஆசிய சமூகமும் மானமும்’ என்ற அதிகாரம் ஏறியிருந்ததும் இவ்வழியாகவே. பிழை அவளுடைய அறியாமையில் இருக்கவில்லை. அவள் அறிந்திருந்ததில் இருந்தது.

இதற்கு ஒப்பான நிகழ்ச்சியொன்றை மெலனி ரேர்வலோன், ஜான் மறி-கார்சியா என்னும் இரு கறுப்பின வைத்தியர்கள் 1998இல் எழுதிய கட்டுரையிற் காணலாம். சத்திர சிகிச்சை முடிந்து சில மணிநேரமான இலத்தீன் அமெரிக்கப் பெண்ணொருவர் வலியால் முனகிக்கொண்டிருந்தார். அவருக்கு அதிக வலி இருப்பதாகத் தோன்றுகிறதே என வைத்தியர் ஒருவர் சுட்டிக்காட்டினார். அருகிலிருந்த தாதி அதனைப் பொருட்படுத்தவில்லை. இவ்வினத்தார் வலியை மிகைப்படுத்திக் காட்டும் இயல்பினர் என்பதைப் பல்பண்பாட்டு மருத்துவம் பற்றிய வகுப்பிலே தாம் கற்றிருப்பதாகக் கூறினார். அத்தாதியும் கறுப்பினத்தவர்; அவ்வைத்தியரும் இலத்தீன் அமெரிக்கரே. நோயாளியின் இனத்தைச் சேர்ந்த ஒருவர் நேரே நின்று சொன்னதிலும் வகுப்பிற் பெற்ற குறிப்பு வலிமையுடையதாயிற்று. இதனைக் கண்ட கட்டுரையாசிரியர் இருவரும், தகைமை என்னும் சொல்லையே ஐயுற்றனர். ஒருநாள் பெற்று முடித்து, சான்றிதழாகச் சுவரில் மாட்டத்தக்கது இதுவன்று எனக் கருதி, அதற்குப் பதிலாகப் பண்பாட்டுப் பணிவு என்னும் தொடரை வழங்கினர். வாழ்நாள் முழுவதும் தன்னைத்தான் சோதித்துக்கொள்வதும், சிகிச்சையாளர்க்கும் நோயாளிக்கும் இடையேயுள்ள அதிகார வேறுபாட்டைக் குறைக்க முயல்வதும் அதன் பொருள். பணிவு என்ற சொல் தமிழில் வேறு வாடை வீசுவது உண்மையே. கைகட்டி வாய்பொத்தி நிற்பதையே இச்சமூகம் நெடுங்காலமாகப் பணிவு என்று வழங்கிவந்துள்ளது; அதுவும் நிற்கவேண்டியவர் எப்போதும் தாழ்த்தப்பட்டவராகவே இருந்தார். இங்கே பணியவேண்டியவர் கதிரையில் அமர்ந்து எழுதுபவர் என்பதை நினைவிற் கொண்டாற் போதும்.

அமெரிக்கர் இவற்றையெல்லாம் பேசத் தொடங்குவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, வேறொரு கண்டத்தில், ஒரு வைத்தியரும் அவருடைய மாணவரும் இப்பாடத்தைத் தோல்வியின் வழியே கற்றிருந்தனர். இலங்கைத் தமிழ் வாசகர் பிரான்ஸ் பனனை விடுதலைப் போராட்டச் சிந்தனையாளராகவே பெரிதும் அறிவர். அவர் தொழிலால் மனநோய் வைத்தியர். 1953ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவில், பிளிடா-ஜுவன்வில் மனநோய் வைத்தியசாலையிற் பொறுப்பேற்றார். அவருடைய பிரிவில் 165 ஐரோப்பியப் பெண்களும் 220 அல்ஜீரிய முஸ்லிம் ஆண்களும் இருந்தனர். நோயாளரைக் கட்டிலிற் கட்டிவைக்கும் பழைய முறையை விட்டு, விடுதியையே ஒரு சிறு சமூகமாக மாற்றும் புதிய சிகிச்சை முறையைப் பனன் பிரான்சிற் கற்றுவந்திருந்தார். கூட்டங்கள், திரைப்படம், இசை, நோயாளரே நடத்தும் பத்திரிகை, பண்டிகைக் கொண்டாட்டம் என்பன அதன் கருவிகள். ஐரோப்பியப் பெண்களிடத்து இது விரைவிற் பலன் தந்தது. முஸ்லிம் ஆண்களிடத்து அறவே பலிக்கவில்லை. கூட்டத்துக்கு வந்தோர் மௌனமாயிருந்தனர், பாடல், நாடகம் எதிலும் ஈடுபடவில்லை, பத்திரிகையைத் தீண்டவில்லை. ஊழியர்கள், தாம் முன்பே சொன்னது சரியாயிற்று என்று பழைய கண்டிப்புக்குத் திரும்பினர்.

இவ்விடத்து ஒரு சாதாரண வைத்தியர், இம்மக்கள் பின்தங்கியவர்கள் என்று எழுதியிருப்பார். அல்ஜியர்ஸ் மனநோய் மருத்துவக் கல்விமரபு வட ஆபிரிக்கரின் மூளையே குறைவளர்ச்சியுடையது என்று போதித்த காலம் அது. பனனும் அவருடைய பயிற்சி மாணவரான ஜாக் அசுலேயும் தோல்வியைத் தமது கணக்கிற் போட்டுக்கொண்டு, 1954இற் கட்டுரையாக வெளியிட்டனர். அவர்கள் கண்டது யாது? நோயாளருட் பெரும்பாலோர் எழுத்தறியாதோர். அவர்க்குப் பத்திரிகையால் ஆவதொன்றில்லை. மதிப்புடைய ஓர் ஆண் பலர்முன் பாடி ஆடுவது அவர்களது சமூகத்தில் வழக்கமன்று. பனனுக்கு அறபு மொழி தெரியாது. பேச்செல்லாம் மொழிபெயர்ப்பாளர் வழியே நிகழ்ந்தது. மொழிபெயர்ப்பாளரோடு பேசிப் பழகிய இடங்களோ நீதிமன்றமும் பொலிசு நிலையமும். இவற்றைவிட முக்கியமானது இன்னொன்று. நோயாளர் பலர் நிலமிழந்த உழவர். குடியேற்றவாதம் அவர்களது நிலவுடைமை முறையைச் சிதைத்து, அவர்களை நாட்கூலிகளாக்கியிருந்தது. மாணவரும் ஆசிரியரும் அச்சமூகத்தின் குடும்பம், நம்பிக்கை, நிலம் ஆகியவற்றை ஒருசேரக் கற்கத் தொடங்கினர். விடுதியில் ஊர்வழக்கிலான கோப்பிக் கடையொன்று திறக்கப்பட்டது. இஸ்லாமியப் பண்டிகைகள் கொண்டாடப்பட்டன. கதைசொல்லி ஒருவர் வரவழைக்கப்பட்டார். அதன் பின்னரே விடுதியிற் பேச்சு எழுந்தது.

கோப்பிக் கடையும் கதைசொல்லியும் கவர்ச்சியானவை. வகுப்பறையிற் சொல்ல ஏற்றவை. நிலம் பறிபோனது அத்துணைக் கவர்ச்சியானதன்று. பன்மைப் பண்பாட்டுப் பயிற்சியைப் பற்றி எழுதுவோர் பலர் முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுவர். கொழுந்து பறிக்கும் பெண்ணின் ‘பேர்’ அவ்விரண்டையும் ஒரு சொல்லில் அடக்கியிருந்தது. அச்சொல் மலையகத்து வழக்கு என்ற அளவிற் பண்பாடு. அச்சொல்லின் உள்ளே இருந்தது கூலி. வழக்கை மாத்திரம் விளங்கிக் கூலியை விளங்காத சிகிச்சையாளர், வறுமையைப் பண்பாடென்று பெயர் மாற்றி எழுதிவிடுவார். அது முன்னைய அறியாமையிலும் தீயது.

அந்நியக் கருவியைக் கொண்டு ஓர் இனத்தின் துயரை அளப்பதிலுள்ள அபாயத்தை இலங்கையர் ஒருவரே உலகறிய எடுத்துக்காட்டியுள்ளார். பேராதனையிற் கற்பித்து, பின்னர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர, 1985இல் வெளியான கட்டுரையில், சோர்வு நோய் பற்றி மேனாட்டார் கூறும் இலக்கணத்தை ஆராய்ந்தார். வாழ்வு துக்கமயமானது, நம்பிக்கை வைப்பதற்கு உலகில் ஏதுமில்லை என்று ஒருவர் கூறினால் மேனாட்டு வினாக்கொத்து அவரை நோயாளி எனக் குறிக்கும். இலங்கையிலோ அவர் நல்ல பௌத்தராகக் கருதப்படலாம். இதனை நிறுவுவதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டு சுவையானது. உடல் மெலிவு, காமக் கனவு, சிறுநீரின் நிறமாற்றம் என்பன சேர்ந்திருப்பின் தென்னாசியாவில் அதனைத் தாது நட்டம் என்னும் நோயாகக் கொள்வர். தென்னாசிய வைத்தியர் ஒருவர் இவ்வறிகுறிகளை வினாக்கொத்தாக்கி அமெரிக்காவுக்கு எடுத்துச்சென்றால் அங்கும் இவற்றையுடையோரைத் தேடிப்பிடித்துவிடலாம். அதைக்கொண்டு அமெரிக்கரிடையே தாது நட்டம் பரவியிருக்கிறது என்று அறிக்கை எழுதினால் உலகம் நகைக்கும். மறுதிசையில் நிகழும்போது எவரும் நகைப்பதில்லை.

நகைப்பதற்கு இடமில்லாத சூழலில் அது நிகழ்ந்தும் விட்டது. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இலங்கையின் கரைகளில் 30,000க்கு மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. சில கிழமைகளுள் வெளிநாட்டு உளவளத்துணையாளர் பெருந்தொகையினராக வந்திறங்கினர். மொழியறியாத சிலர், ஒருமுறை சந்தித்து நடந்ததைச் சொல்லவைத்துவிட்டு அடுத்த முகாமுக்குச் சென்றனர். நேர்ந்ததை உடனடியாக, ஒரே அமர்விற் சொல்லவைக்கும் அம்முறை பிற்கால மனவடுவைத் தடுப்பதில்லை என்றும், சிலருக்குத் தீங்கும் விளைக்கலாம் என்றும் மேனாட்டு மருத்துவ ஆய்வுகளின் தொகுப்பொன்று 2002ஆம் ஆண்டிலேயே கூறியிருந்தது. நல்ல மனத்தோடு வந்தவர்களை இகழ்வது முறையன்று. எனினும், நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் அறிகுறிப் பட்டியல் அவர்களது பைகளில் முன்னரே இருந்தது. கேட்கவேண்டிய கேள்விகளும் இருந்தன. கேட்கப்பட்டவர் வேறு ஏதும் சொன்னால் அதனை எழுதுவதற்கு நிரலில் இடமிருக்கவில்லை. இலங்கையில் ஆய்வு செய்த காயத்ரி பெர்ணாண்டோ என்னும் உளவியலாளர், இந்நாட்டு மக்கள் தமது துயரை உள்ளத்துள் நிகழும் அச்சமாக உரைப்பதிலும் மேலாக, உறவுகள் குலைந்தமையாகவும், குடும்பத்திலும் ஊரிலும் தாம் ஆற்றவேண்டிய கடமையை ஆற்ற முடியாமற் போனமையாகவும், உடல் நோவாகவும் உரைப்பதைக் கண்டார். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநோய் வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் வடு தனியாளின் நெஞ்சில் மாத்திரமன்றிக் குடும்பத்திலும் ஊரிலும் விழுவது என்பதைத் தமது எழுத்துகளிற் காட்டியுள்ளார். ஊர் இழந்தவனிடம் நித்திரை வருகிறதா என்று மட்டும் கேட்டு என்ன பயன்?

ஆயின் இதனைக் கொண்டு, வெளிநாட்டாரே விளங்காதவர், உள்ளூரார் இயல்பாகவே விளங்கிக்கொள்வர் என்று முடிவுகட்டுவது தன்னைத்தான் ஏமாற்றுவதாகும். வடமராட்சி மாணவிக்கும் நோயாளிக்கும் இடையே கடல் இருக்கவில்லை, தாய்மொழியும் ஒன்று. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் உளவியல் பயிலும் தமிழ் மாணவர் தமிழர் அனைவரையும் அறிந்தோராகத் தம்மைக் கருதிக்கொள்வது பெரிய இடர். யாழ்ப்பாணத்தாருக்குத் தோட்டம் என்றால் வெங்காயமும் மிளகாயும் நடும் சிறுநிலம். மலையகத்தாருக்கு அதுவே தொழிலும் குடியிருப்பும் அதிகாரமும். தமிழ் பேசும் முஸ்லிம் பெண்ணொருவர் ஆண் சிகிச்சையாளர் முன் பேசாதிருப்பதும், முகாமில் வளர்ந்த இளைஞன் எழுதும் கையைக் கண்டதும் அஞ்சுவதும், சாதியால் ஒதுக்கப்பட்ட முதியவர் ‘நீங்கள்’ என்று விளிக்கப்பட்டதும் திகைப்பதும் எந்தப் பாடநூலின் எந்த அதிகாரத்திலும் இல்லை. ‘பெருமூச்சு’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோரும் சிலரே. முதியோர் பலர் வைத்தியரிடம் முதலிற் கூறும் குறை அதுவாயிருக்க, மாணவர் அதனைச் சுவாச நோயாகக் குறித்து நெஞ்சு நோய்ப் பிரிவுக்கு அனுப்பிவிடுதல் கூடும்.

மொழி பற்றியும் ஒன்று கூறவேண்டும். மாணவர் பலர் நோயாளியைத் தமிழிற் கேட்கின்றனர், ஆங்கிலத்தில் எழுதுகின்றனர். கேட்பதற்கும் எழுதுவதற்கும் இடையேயுள்ள அந்த ஒரு கணத்தில் நோயாளியின் சொல் மறைந்து பாடநூலின் சொல் வந்து அமர்கிறது. அக்கணத்தை எவரும் மேற்பார்வை செய்வதில்லை. ஆங்கிலக் கலைச்சொற்களைக் கைவிடவேண்டும் என்பது இங்கு வாதமன்று. அவையின்றி உலகத்தோடு பேச இயலாது. நோயாளி சொன்ன வாக்கியத்தை அவர் சொன்னபடியே முதலில் எழுதி, அதன்கீழே கலைச்சொல்லை எழுதுமாறு மாணவரைப் பழக்குவது செலவற்ற காரியம். ஆதர் கிளைன்மன் என்னும் மருத்துவ மானிடவியலாளரும் அவருடைய சகாக்களும் 1978இல் வைத்தியர்க்கென வகுத்த சில எளிய கேள்விகளும் இத்தன்மையனவே: இந்நோய்க்கு நீங்கள் இடும் பெயர் என்ன, அது எதனால் வந்தது, ஏன் அப்போது வந்தது, எதற்கு அதிகம் அஞ்சுகிறீர்கள் என்பன போன்றவை. அமெரிக்க மனநோய் வைத்தியரின் நோய்நிர்ணய நூல் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் 16 கேள்விகள் கொண்ட பண்பாட்டு நேர்காணலொன்றைச் சேர்த்தபோது அதே வழியைப் பின்பற்றிற்று. கேள்வி எத்தனை என்பது முக்கியமன்று. விடை தெரியாதவராய் இருந்து கேட்பதே அரிது. பட்டப்படிப்பு முழுவதும் விடை தெரிந்தவராய்த் தோன்றுவதற்கே மாணவர் பயிற்றப்படுகின்றனர்.

பண்பாட்டை மதிப்பதன் பெயரால் அநீதிக்கு ஒத்துப்போகும் ஆபத்தும் உண்டு. அடிபட்டு வந்த மனைவியிடம், உங்கள் சமூகத்தில் இது வழக்கந்தானே என்று கூறாமற் கூறும் மௌனம் பண்பாட்டு உணர்வு ஆகாது. அச்சமூகத்துக்குள்ளேயே அவ்வழக்கத்தை எதிர்த்து நிற்போர் இருப்பர். நோயாளியே அவர்களுள் ஒருவராய் இருக்கலாம். எந்தப் பண்பாடும் ஒரே குரலிற் பேசுவதில்லை என்பதைத் தமிழ் மாணவருக்குச் சொல்லவும் வேண்டுமா?

மூன்றாவது கிழமையும் அப்பெண் வராதபோது மாணவி தன் குறிப்புப் புத்தகத்தை மேற்பார்வையாளரிடம் கொண்டுசென்று காட்டினாள். நடந்ததை ஒளிக்காமற் சொன்னாள். அவர் கடிந்துகொள்ளவில்லை. தோட்டத்து மருத்துவ உதவியாளர் மூலம் செய்தி அனுப்பிப் பார்க்கலாம் என்றார். வருவார் என்பதற்கு உறுதியில்லை என்றும் சொன்னார். ஒரு நாள் வைத்தியசாலைக்கு வருவதென்றால் அன்றைக்கு அரைப் பேரும் இல்லை.

“திரும்பி வந்தால் முதலில் என்ன கேட்பீர்?” என்று அவர் வினவினார்.

மாணவி சிறிது நேரம் யோசித்தாள். ஆங்கிலத்தில் எழுதியிருந்த அம்மூன்று வரிகளையும் பார்த்தாள்.

“கையைக் காட்டச் சொல்லுவன், சேர்” என்றாள்.